அச்சணந்தியடிகள் வேண்டிய ஓராண்டு

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட சமயத்தின் துறவி ஒருவர், தாம் இயற்றிய பெருங்காப்பியத்தின் நடுநரம்பாகப் பழிவாங்கும் கதை ஒன்றை வைத்தது ஏன்? சீவக சிந்தாமணியை எவரிடம் எடுத்துரைத்தாலும் இவ்வினா எழாமல் இருப்பதில்லை. பள்ளியில் மாணவியர் கேட்டனர். ஓய்வு பெற்றபின் நாம் நடத்தும் சிறு வகுப்புகளில் பேரன் பேத்தி எடுத்த தாய்மாரும் கேட்கின்றனர். 'இன்பச் சுவைக்காக எழுதினார்', 'வடமொழிக் கதை அப்படி இருந்தது' என்று விடை கூறி நகர்ந்து விடலாம். நூலை ஊன்றிக் கற்றால் அவ்விடைகள் போதா என்பது விளங்கும். பழிவாங்கலைப்பற்றி நம் காப்பியங்கள் என்ன எண்ணின என்பதை இவ்விதழில் ஒரு பாடமாகக் காண்போம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'பழி' என்பதற்கு நிந்தை என்றும், குற்றம் என்றும், பாவம் என்றும், பகைக்கு எதிர்ப்பகை என்றும் பொருள் உண்டு. 'வாங்குதல்' என்பதோ பெற்றுக்கொள்ளுதல். கடையில் அரிசி வாங்கியவன் வீட்டில் அரிசி இருக்கும். பழி வாங்கியவன் வீட்டில் என்ன இருக்கும் என்று வகுப்பில் கேட்பது நம் வழக்கம். இது சொல்லாராய்ச்சி அன்று, ஆசிரியர்க்குரிய ஓர் உத்தியே. ஆயினும் பிள்ளைகள் அதை மறப்பதில்லை.

இனிக் கதைக்கு வருவோம். ஏமாங்கத நாட்டு இராசமாபுரத்து வேந்தன் சச்சந்தன், தன் தேவி விசயையின்மேல் வைத்த பெருவேட்கையால் அரசியலை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்து அந்தப்புரத்திற் காலங்கழித்தான். தக்கது அன்று என்று எடுத்துரைத்தோர் சொல் செவியில் ஏறவில்லை. காவல் புரிய வைத்தவனே படையுடன் கோட்டையைச் சூழ்ந்தான். கருவுற்றிருந்த தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போரில் மடிந்தான். பொறி சுடுகாட்டில் இறங்கியது. அங்கே பிறந்த குழந்தையை வணிகன் கந்துக்கடன் எடுத்து வளர்த்தான். விசயை தவப்பள்ளியை அடைந்தாள். அரசிளங்குமரன் வணிகன் மகனாக வளர்ந்தான். தன் தந்தையைக் கொன்றவனையே அரசன் என்று வணங்கும் நிலையில் அவன் வளர்ந்தான் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சீவகனுக்குக் கலைகள் அனைத்தையும் கற்பித்தவர் அச்சணந்தியடிகள். கல்வி முற்றியபின் ஒருநாள், ஒருவன் கதைபோலத் தொடங்கி, அவனுடைய பிறப்பின் உண்மையை அடிகள் எடுத்துரைக்கின்றார். அது தன் கதையே என்று உணர்ந்ததும் சீவகன் சினந்து படைக்கலத்தை நாடுகின்றான். அவ்வேளையில் அடிகள் ஒன்று வேண்டுகின்றார். ஆசிரியர்க்கு மாணவன் தரவேண்டிய காணிக்கையாக, இன்றிலிருந்து ஓராண்டு எல்லைவரை கட்டியங்காரன்மேற் சினந்து எழாதிருத்தல் வேண்டும் என்பதே அது. சீவகன் இசைகின்றான்.

அன்பர்கள் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். 'மன்னித்துவிடு' என்று அடிகள் சொல்லவில்லை. 'அவன் செய்தது குற்றமன்று' என்றும் சொல்லவில்லை. 'எல்லாம் வினைப்பயன், வாளாவிரு' என்றுகூடச் சொல்லவில்லை. துறவி அவர், அவ்வாறு சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எனினும் மறக்குல இளைஞனிடம் அச்சொல் செல்லாது என்று அறிந்த நல்லாசிரியராதலின், அவனால் தரக்கூடியது எதுவோ அதை மட்டும் கேட்டார். மாணவனுடைய அளவறிந்து பாடம் சொல்லுதல் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நமக்குக் கற்பித்தார்களே, அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நாம் கண்டதில்லை.

அந்த ஓராண்டு சொல்லளவில் நின்றுவிடவில்லை. அதற்கு ஒரு கடுஞ்சோதனை வருகிறது. அடிபட்டுச் சாகுந்தறுவாயில் இருந்த நாய் ஒன்றின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லுமாறு மதனன் என்பவனை ஏவினான். எதிர்த்து வெல்லும் ஆற்றல் சீவகனுக்கு இருந்தது. கொல்ல வந்தவனைக் கொல்லுதல் உலக வழக்கில் குற்றமும் ஆகாது. ஆயினும் ஆசானுக்குக் கொடுத்த சொல்லை எண்ணிக் கையை அடக்கி நின்றான். சுதஞ்சணன் காற்றும் மழையுமாக வந்து அவனை எடுத்துச் சென்று காத்தான். பழியை அடக்கிய வேளையில் அவனுக்குத் துணையாக வந்தது முன்னர்ச் செய்த ஓர் இரக்கச் செயல். திருத்தக்கதேவர் இதை விரித்துரைத்து அறிவுறுத்தவில்லை. கதையை இவ்வாறு பின்னி வைத்துவிட்டு மேலே செல்கின்றார்.

வேலூருக்கு வடக்கே வள்ளிமலைக் குகைக்குச் சென்றோர் அங்குள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் கண்டிருப்பர். அங்குள்ள கல்வெட்டொன்றில் அச்சணந்தி என்னும் முனிவர் பெயர் வருகின்றது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் அப்பெயர் உண்டு. காப்பியத்து ஆசிரியரும் கல்வெட்டு முனிவரும் ஒருவரே என்று சிலர் ஆர்வத்தாற் கூறுவர். அது பொருந்தாது, முன்னவர் கதைமாந்தர், பின்னவர் மண்ணில் நடமாடியவர். எனினும் நம் மாவட்டத்துக் குன்றில் அப்பெயரைப் படிக்கும்போது நெஞ்சு சற்று நெகிழ்வதை மறுப்பதற்கில்லை.

ஏன் ஓராண்டு? ஆறு திங்களாகவோ மூன்றாண்டாகவோ ஏன் இருக்கக்கூடாது? கதைப்போக்கிற்கு அது தேவை என்பது ஒரு விடை. நம் ஆகமங்கள் சினத்தை அளக்கும் முறையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறொரு சுவையும் உண்டு. குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் முதலாவதாகிய குரோதத்தை நான்கு கோடுகளுக்கு ஒப்பிடுவர். நீரில் இட்ட கோடு இட்டவுடன் மறையும், அது சஞ்சுவலனம். மணலில் இட்ட கோட்டைக் காற்று அழிக்கும், அது பிரத்தியாக்கியானம். மண்ணில் விழுந்த வெடிப்பு மழை வந்தாற் கூடும், அது அப்பிரத்தியாக்கியானம். பாறைப் பிளவு கூடுவதில்லை. அதுவே அனந்தானுபந்தி, எல்லையற்ற பிறவிகளைத் தொடரச் செய்வது. நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம் இவற்றிற்குக் கால அளவும் கூறும். முதலாவதன் வாசனை ஓர் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடத்திற்கு உட்பட்டது. இரண்டாவது 15 நாள். மூன்றாவது 6 திங்கள். அதற்கு மேலும் நெஞ்சில் தங்குமாயின் அது பாறைப்பிளவு. சுவேதாம்பர மரபில் இவ்வெல்லையை ஓராண்டு என்பர். ஆண்டுக்கொருமுறை அவர்கள் சம்வத்சரி நாளில் ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுவதற்கும், நாம் தசலக்ஷண பருவம் முடிந்தபின் க்ஷமாவணி கொண்டாடுவதற்கும் இக்கணக்கே அடிப்படை எனலாம். கோடு பாறையில் இறங்குமுன் அழித்துவிடுதல் வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லாமலிருக்க இயலவில்லை. க்ஷமாவணிக்கு அழகிய அட்டைகள் அச்சிட்டு அனுப்பிய காலம் போய், இப்போது கைப்பேசியில் ஒரே செய்தி நூறு பேருக்குச் செல்கின்றது. நமக்கு வருவனவற்றை எண்ணிப் பார்த்தோம். அவையனைத்தும் நம்மோடு எவ்வகைப் பகையும் இல்லாதவர்களிடமிருந்தே வருகின்றன!

வேலூர் லாங் பஜாரைப் பற்றி இவ்விதழ் அன்பர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. விடியுமுன்பே மூட்டைகள் இறங்கும் கடைத்தெரு. அங்கே கடை ஒன்றின் மாடியறையில் தாய்மார் சிலருக்குச் சிந்தாமணியைச் சொல்லி வருகின்றோம். உத்தமதானபுரம் சாமிநாதையரவர்கள் 1887இல் இந்நூலைப் பதிப்பித்தற்கு முன், கும்பகோணத்துச் சமண இல்லங்களில் சிந்தாமணி பாடமாக ஓதப்பட்டு வந்ததை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். வீட்டிற் படித்த நூலை வீட்டார்க்கே திரும்பச் சொல்லுகின்றோம் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. அச்சணந்தியடிகள் பகுதி முடிந்த அன்று அம்மையார் ஒருவர் எழுந்து கேட்டார்:

"டீச்சரம்மா, ஓராண்டு பொறுத்தான் என்றீர்கள். சரி. அதற்குப்பின் கொன்றானா இல்லையா? கொன்றபின் அரசாண்டானா இல்லையா? சீவகனுக்கு இராச்சியமும் எங்களுக்குப் பொறுமையுமா?"

அவர் குறையை அங்கிருந்த அனைவரும் அறிவோம். கணவர் மறைந்ததும், கணவரின் தமையனார் கூட்டுக்கடையிற் பங்கில்லை என்று தாள்களைக் காட்டி ஒதுக்கிவிட்டார். பதினோராண்டாக வழக்கு நடக்கின்றது. அப்போது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவன் இப்போது பத்தொன்பது வயது இளைஞன். பெரியப்பா நோயுற்றுக் கிடந்தபோது சென்று பார்க்க மறுத்ததோடு, 'அவர் சாகட்டும், அவர் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்துவேன்' என்று பலர் முன்னிலையிற் சொல்லியிருக்கின்றான். அம்மையார் அதைப் பெருமையோடு சொல்லத் தொடங்கி, முடிக்கும்போது குரல் தாழ்ந்தார்.

அன்றைக்கு நாம் உடனே விடை கூறவில்லை. வழக்கைப்பற்றி மட்டும் ஒன்று சொன்னோம். நீதி கேட்டல் வேறு, பழிவாங்கல் வேறு. பாலாற்றங்கரையில் இதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் ஆற்றுநீரும் கிணற்றுநீரும் வயலும் கெட்டன. தொழிற்சாலைக்கு எவரும் தீயிடவில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை அந்நீதிமன்றம் இவ்வழக்கிற்றான், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள், இந்தியச் சட்டத்தின் பகுதியென ஏற்றுரைத்தது. உரிமையைக் கேட்பதற்கு எந்தச் சமயமும் தடை சொல்லவில்லை. ஆகவே, 'வழக்கு நடக்கட்டும் அம்மா' என்றோம். 'பையன் சொன்ன சொல்தான் வழக்கில் இல்லாதது' என்றோம்.

மற்ற விடையைச் சிந்தாமணியே அடுத்தடுத்த வகுப்புகளில் கூறிற்று. ஓராண்டு கழிந்தபின், தாய்மாமன் கோவிந்தராசன் துணையோடு சீவகன் படையெடுக்கின்றான். மண்மகள் இலம்பகத்திற் பெரும்போர் நிகழ்ந்து கட்டியங்காரன் மடிகின்றான். பகைவன் மாளிகை மகளிர் அஞ்சி நடுங்க, அஞ்ச வேண்டா என்று சீவகன் அவர்களைத் தேற்றுகின்றான். பின் முடிசூட்டு, மணம், நல்லாட்சி எல்லாம் முறையே வருகின்றன. கதை கேட்போர் பெரும்பாலோர் இங்கே எழுந்துவிடுவர். திரைப்படமாயின் இதுவே முடிவு.

திருத்தக்கதேவர்க்கோ இது முடிவன்று. ஆண்டுகள் பல சென்றபின் சீவகன் தன் தேவியருடன் பொழிலில் உலவுகின்றான். அங்கே ஆண்குரங்கொன்று தன் ஊடல்கொண்ட பெண்குரங்கைத் தேற்றுவதற்காகப் பலாச்சுளையைக் கொண்டுவந்து கொடுக்கின்றது. தோட்டங் காப்பவன் ஓடி வந்து குரங்குகளை விரட்டி அப்பழத்தைப் பறித்துக் கொள்கின்றான். தேவியர் அதைப் பார்த்திருக்கலாம், சிரித்திருக்கலாம். சீவகன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரனை ஒக்கும் என்றும், பறித்துக்கொண்ட காவலன் தன்னையே ஒப்பான் என்றும், அப்பழம் அரசவின்பத்தை ஒக்கும் என்றும் அவன் எண்ணுகின்றான்.

இதைப் பலமுறை படித்துள்ளோம். ஒவ்வொரு முறையும் வியப்பு அடங்குவதில்லை. தந்தையைக் கொன்றவன் கட்டியங்காரன். கவர்ந்த நாட்டை மீட்டவன் சீவகன். நீதி முழுவதும் சீவகன் பக்கம். அவ்வாறிருக்க, அவனே தன்னைப் பறித்தவன் நிலையிலும் பகைவனைப் பறிகொடுத்தவன் நிலையிலும் வைத்துக் காண்கின்றான். அமைச்சர் எவரும் சொல்லவில்லை. முனிவர் எவரும் இடித்துரைக்கவில்லை. வென்றவன் கண்ணுக்கே தன் கை அவ்வாறு தெரிந்தது. பழிவாங்கலைப்பற்றிச் சிந்தாமணியின் கருத்து யாது என்று தேர்வில் வினவினால், நாம் இந்தப் பலாச்சுளையைக் காட்டி மதிப்பெண் கேட்போம்.

அதன்பின் சாரணர் அவனுக்கு முற்பிறப்பை உரைக்கின்றனர். அசோதரன் என்னும் அரசகுமரனாக இருந்தபோது அவன் அன்னப்பார்ப்பு ஒன்றைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்துச் சிறைப்படுத்தினான். தந்தை அறிவுறுத்தவே அதை விடுத்தான். அவ்வினையே இப்பிறப்பிற் பெற்றோரைப் பிரிந்து வளர வைத்தது. இதைக் கேட்ட நம் மாணவி ஒருத்தி, 'அப்படியானால் கட்டியங்காரன் செய்தது குற்றமில்லையா?' என்று கேட்டாள். குற்றந்தான். அவன் வினை அவனைச் சேரும். ஆனால் 'அவன் ஒருவனாலேயே நான் கெட்டேன்' என்று சீவகன் இனிச் சொல்ல முடியாது. அந்த ஒரு சொற்றொடர்தானே எல்லாப் பகையும் நிற்கும் தூண்? மகனுக்கு முடிசூட்டிச் சீவகன் துறவு பூண்டான்.

லாங் பஜார் வகுப்பிலும் இங்கேதான் ஒன்று விளங்கிற்று. தந்தைக்கு நேர்ந்ததை மகனுக்குச் சொல்லுதல் தவறன்று. அச்சணந்தியடிகளும் சொன்னார். சொன்னவர், அதனோடு ஒரு காலத்தையும் சேர்த்துக் கட்டினார். நாம் நம் பிள்ளைகளுக்குக் குறையை மட்டும் கொடுக்கின்றோம். ஆண்டைக் கட்டிக் கொடுப்பதில்லை.

காத்திருத்தலிலும் வகை உண்டு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் சீவகனைப் போன்றவனே. தந்தையைக் கொன்று அரியணையைக் கவர்ந்தவன் சிற்றப்பன். மகன் பழிவாங்க வேண்டும். அவனும் நாள் கடத்துகின்றான். ஆயின் அவன் காத்திருப்பது ஐயத்தால். சீவகன் காத்திருந்தது கொடுத்த சொல்லால். ஐயத்தாற் காத்திருந்தவன் நாடகத்தில் தாயும் சிற்றப்பனும் அவனும் ஒருசேர மடிய, நாடு அயல்நாட்டு இளவரசனுக்குப் போகின்றது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுமாறு மேல்வகுப்பு மாணவர்க்குத் தரலாம்.

இதுகாறும் இழைக்கப்பட்டவன் கொள்ளும் பழியைப்பற்றியே பேசினோம். இழைத்தவனே பழி கொள்ளுதலும் உண்டு. பார்சுவநாத சுவாமியின் வரலாறு அதற்குச் சான்று. போதனபுரத்தில் கமடன், மருபூதி என்னும் உடன்பிறந்தார் இருவர். தமையன் கமடன் தம்பி மனைவியிடம் முறைதவறி நடந்தான்; அரவிந்த மன்னன் அவனை நாடுகடத்தினான். மருபூதி பகை பாராட்டவில்லை. தமையனைத் தேடிச் சென்று, கல்லைக் கையில் ஏந்தித் தவம் புரிந்துகொண்டிருந்த அவன் அடியில் விழுந்தான். கமடன் அக்கல்லைத் தம்பி தலையிற் போட்டான். குற்றம் செய்தவனுக்குத் தன்னால் கெட்டவன் முகத்தைக் காண்பதே பெருங்குற்றமாய்த் தோன்றுவதை உலகில் எத்தனையோ இடங்களிற் காண்கின்றோம். அப்பகை பிறவிதோறும் தொடர்ந்து, மருபூதியின் உயிர் பார்சுவநாதராய்த் தவத்தில் நின்றபோதும் மழையாகவும் பாறையாகவும் வந்து தாக்கிற்று. தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். தமிழ்நாட்டுச் சமணக் குன்றுகளில் இக்காட்சி செதுக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். இத்தனை பிறவிகளிலும் மருபூதியின் உயிர் ஒருமுறையேனும் திருப்பித் தாக்கவில்லை என்பதைச் சிற்பி அந்த அசையாத திருமேனியிலேயே காட்டிவிட்டான்.

திருக்குறளில் 'இன்னா செய்யாமை' என்னும் 32ஆம் அதிகாரத்தை எல்லாரும் அறிவர். தீங்கு செய்தவர் நாணுமாறு அவர்க்கு நன்மை செய்க என்னும் கருத்து பள்ளிச் சுவர்தோறும் எழுதப்பட்டுள்ளது. இரண்டு செய்திகளை மட்டும் சுட்டுவோம். அங்கே வள்ளுவர் 'ஒறுத்தல்' என்றே சொல்லுகின்றார். ஒறுத்தல் என்பது தண்டித்தல். குற்றம் குற்றமே, அதற்குத் தண்டனையும் உண்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை. தண்டனை இன்னது என்பதையே மாற்றினார். மற்றொன்று, அவர் செய்த தீங்கோடு நாம் செய்த நன்மையையும் மறந்துவிட வேண்டும் என்று உரையாசிரியர் கூறும் பகுதி. இதைச் சுவரில் எழுதுவோர் எண்ணுவதில்லை. 'அவனுக்கு எவ்வளவு செய்தேன்' என்று நாளும் சொல்லிக் காட்டுதல் பழிவாங்கலின் இன்னொரு வடிவமே.

இனிச் சிலப்பதிகாரம். இதைப் பழிவாங்கலின் காப்பியம் என்றே மேடையிற் பேசுவோர் முழங்குவர். கண்ணகி மதுரையை எரித்ததோடு அவர்கள் சொற்பொழிவு முடிந்துவிடும். நூல் அத்துடன் முடியவில்லை.

நாடுகாண் காதையில், கோவலனையும் கண்ணகியையும் இழித்துப் பேசிய இருவரை, உடன்வந்த கவுந்தியடிகள் நரிகளாகுமாறு சபிக்கின்றார். சமணத் துறவியாகிய அவர்க்கே சினம் வந்துவிட்டது. அவ்வேளை அவர்கள் அறியாமையாற் செய்தார்கள், பொறுத்தருள்க என்று வேண்டியவர்கள் கோவலனும் கண்ணகியுமே. அதனால் சாபம் பன்னிரு திங்களாகக் குறைகின்றது. இங்கும் ஓராண்டு! தன்னை இழித்தவர்க்காக இரங்கிய அதே கண்ணகிதான், கணவன் கள்வன் என்று கொலையுண்டபின் மதுரையை எரிக்கின்றாள். முதலில் அவள் தீயை நாடவில்லை. வாயிலோனை அழைத்து அவையேறி வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான், தேவியும் உடன்மாய்ந்தாள். நீதி அங்கே கிடைத்துவிட்டது. எரி அதற்குப்பின் வந்தது. அறவோரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று தீக்கடவுளுக்கு அவள் ஆணையிட்டது உண்மை. அந்த அளவேனும் அவள் சினத்திற்கு இருந்தது.

மதுராபதித் தெய்வம் வந்து கூறும் முற்பிறப்புச் செய்தியைப் பலர் விரைந்து புரட்டிவிடுவர். நாம் அதையே நூலின் திறவுகோல் என்று கருதுகின்றோம். கலிங்க நாட்டில் சிங்கபுரத்து அரசனும் கபிலபுரத்து அரசனும் பகைவர். சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் சிங்கபுரத்திற்கு வந்து பொருள் விற்றான். அரசன் பணியாளனாகிய பரதன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்தான். நீலி பதினான்கு நாள் அழுதலைந்து, மலையேறி, எமக்கு இத்துயர் செய்தோர் இதுவே அடைக என்று சபித்து வீழ்ந்தாள். அந்தப் பரதனே கோவலன்.

சாபம் பலித்தது. யார்மேல்? கோவலன்மேல் என்போம். அவன் ஒரு நொடியில் வெட்டுண்டு போனான். அயலூருக்கு வாணிகம் நாடிவந்து, பொய்க்குற்றத்திற் கணவனைப் பறிகொடுத்து, தெருத்தெருவாய் அழுதலைந்து, பதினான்காம் நாள் மலையில் நின்றவள் யார்? கண்ணகி. அவள் நீலிக்கு என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. நீலியின் பழி பரதனைத் தேடிச் சென்று, வழியில் இன்னொரு நீலியை உண்டாக்கிவிட்டது. இளங்கோவடிகள் இதை ஒப்பிட்டு விளக்கவில்லை. பதினான்கு நாள் என்னும் கணக்கை மட்டும் இரு கதைகளிலும் வைத்திருக்கின்றார்.

அதனினும் கொடியது அடுத்து வருகின்றது. கண்ணகி சேரநாடு சென்றபின், கொற்கையிலிருந்து வந்த இளைய பாண்டியன் வெற்றிவேற்செழியன், பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலிற் பலியிட்டான். சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். மடிந்தவர் ஆயிரவர். கண்ணகி அதைக் கேட்கவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் விலக்கியவள் பெயரால், எதையும் விலக்காத ஒரு கொலை நிகழ்ந்தது. பாதிக்கப்பட்டோர்க்காக வேறொருவர் பழிவாங்கப் புறப்படும்போது அளவு அற்றுப்போவதை நம் காலத்திலும் கலவரங்களிற் கண்டு வருகின்றோம். ஒருவன் செய்ததற்கு அவன் குலமும் தெருவும் எரிகின்றன. கவுந்தியடிகளோ, கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். ஒருமுறை சபித்த நாவுடையவர், இம்முறை எவரையும் சபிக்கவில்லை.

முடிவில், செங்குட்டுவன் எடுத்த கோயிலில் கண்ணகி தெய்வமாகத் தோன்றிப் பேசுகின்றாள். என்ன பேசினாள்? பாண்டியன் குற்றமற்றவன் என்றாள். அவன் வானவர் கோமான் கோயிலில் விருந்தினனாய் இருக்கின்றான் என்றாள். தான் அவன் மகள் என்றும் சொன்னாள். சிலம்பை உடைத்தவள் வாயிலிருந்து இச்சொல் வருகின்றது. 'மன்னித்தேன்' என்றுகூட இல்லை. மன்னிப்பவர் ஒருபடி உயரத்தில் நிற்பர் அல்லவா? மகள் என்று சொன்னவள் அந்த உயரத்தையும் விட்டு இறங்கிவிட்டாள்.

யசோதர காவியத்தில், மனைவி அமிர்தமதியின் கள்ளவொழுக்கத்தைக் கண்ணாற்கண்ட யசோதரன், வாளை ஓங்கிப் பின் அடக்கிக் கொள்கின்றான். கொல்லவில்லை. ஆயினும் தாய் சொற்கேட்டு மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டு, தாயும் மகனும் அமிர்தமதியிட்ட நஞ்சால் மாண்டு, மயிலும் நாயுமாகப் பிறந்து, நாயாகிய தாய் மயிலாகிய மகனைக் கொல்ல நேர்கின்றது. வாளை உறையிலிட்டவனுக்கு ஏன் இந்நிலை என்பது கடினமான வினா. கை அடங்கியபின் நெஞ்சில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது அதன் விடை. அதை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம். அதற்குள் அன்பர்கள் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் அச்சணந்தியடிகள் பகுதியையும், முத்தி இலம்பகத்திற் குரங்கும் பலாச்சுளையும் வரும் பகுதியையும் நச்சினார்க்கினியர் உரையோடு ஒருமுறை படித்து வைக்குமாறு வேண்டுகின்றோம்.